முதல் டிராக் டே: சொந்தக் காரா, பந்தயக் காரா, வாடகைக் காரா?

டிராக் டேக்கு, அதாவது கட்டணம் கட்டிப் பந்தயத் தடத்தில் நாமே கார் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்பவர்கள், பெரும்பாலும் மனதுக்குள் ஒரு காரை ஏற்கெனவே வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். அது சிவப்பாக, இரண்டு கதவுகளோடு, வீட்டில் விலையைச் சொன்னால் சண்டை வரும் ரகத்தில் இருக்கும். அவர்களிடம் நான் சொல்வது, காரைக் கடைசியாகப் பாருங்கள் என்பதுதான். முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. அன்று முழுக்க உங்களுக்கு எத்தனை உருப்படியான சுற்றுகள் கிடைக்கும்? வளைவில் கணக்குத் தப்பினால் செலவு யார் தலையில் விழும்? மாலையில் எதில் வீடு திரும்புவீர்கள்? இந்த மூன்றுக்கும் நேர்மையாக விடை எழுதிப் பார்த்தால், 400 குதிரைத்திறன் கார் வைத்திருப்பவரைவிட 100 குதிரைத்திறன் கார் வைத்திருப்பவர் அன்று அதிகம் ஓட்டியிருப்பார், அதிகம் கற்றிருப்பார், குறைவாகச் செலவழித்திருப்பார்.

டிராக் டே பந்தயம் அல்ல. கோப்பையும் கிடையாது, மேடையும் கிடையாது. காலையில் ஓட்டுநர்களுக்கு விளக்கக் கூட்டம் நடக்கும்; அதற்கு வராதவரைத் தடத்தில் இறக்கமாட்டார்கள். எந்தக் கொடிக்கு என்ன பொருள், எங்கே உள்ளே நுழைவது, எங்கே வெளியேறுவது என்பதெல்லாம் அங்கே சொல்லப்படும். பிறகு வேகத்தையும் அனுபவத்தையும் வைத்துக் குழுக்களாகப் பிரித்து, 15 அல்லது 20 நிமிடங்கள் ஓட விடுவார்கள். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும். அதுவும் முன்னால் போகிறவர் கைகாட்டி வழிவிட்ட பிறகு. இந்த ஒழுங்கு பிடிக்காதவர்களுக்கு, யாரையாவது தோற்கடித்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு, இந்தக் கட்டுரை பயன்படாது. அவர்கள் பந்தய உரிமம் எடுத்துக்கொண்டு முறையான பந்தயத்துக்கே போகலாம்.

எங்கே ஓட்டுவது

சென்னைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. நாட்டில் நிரந்தரப் பந்தயத் தடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், தனக்கென்று கட்டிய தடம் அது. 1990 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். பெயரை இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்களுக்கு அது இன்னும் எம்.எம்.ஆர்.டி. (மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்)தான். ஹூண்டாய் தொழிற்சாலையும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து ஐ20 ஓட்டிக்கொண்டு தடத்துக்கு வருகிறவர், காரைப் பிறந்த ஊருக்கு அழைத்து வருகிறார் என்றே சொல்லலாம்.

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருப்பது கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-இல் திறக்கப்பட்டது, ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, நடுத்தர வசதிக்காரர்களும் பந்தயம் ஓட்டலாம் என்று காட்டிய எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய தடம். பின்னாளில் ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியதும் அந்த ஃபார்முலா மாருதி வகையில்தான். கரி தடம் சிறியது, நேர்ப்பாதைகள் குட்டையானவை. பெரிய கார்க்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். சிறிய கார்க்காரர்களுக்கு இதுவே வரம். வேகம் எல்லை மீறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், பிரேக்கும் அவ்வளவு சூடேறாது.

மூன்றாவது, கிரேட்டர் நொய்டாவின் புத் இன்டர்நேஷனல் சர்க்யூட். ஹெர்மான் டில்கே வடிவமைத்தது, 5.125 கிலோமீட்டர், 16 வளைவுகள். 2011 முதல் 2013 வரை மூன்று முறை ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது, மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். ஒரு கிலோமீட்டருக்கும் நீண்ட நேர்ப்பாதை, ஏற்ற இறக்கம், அகலமான வளைவுகள் என்று உலகத் தரத்துக்குக் குறைவில்லை. 2011-இல் முதல் பயிற்சி ஓட்டத்தின்போதே தடத்துக்குள் ஒரு நாய் நுழைந்து, ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. உலகத் தரத்தோடு உள்ளூர் மணமும் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சென்னையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல். லாரியில் ஏற்றி அனுப்பினால்தான் கார் போய்ச் சேரும்.

வீட்டு வாசலில் நிற்கும் கார்

முதல் வழி, தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் காரையே கொண்டுபோவது. ஃபோக்ஸ்வேகன் போலோ டி.எஸ்.ஐ., ஐ20 என் லைன், ஸ்விஃப்ட், பழைய ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 என்று எதுவாகவும் இருக்கலாம். எண்பது முதல் நூற்றிருபது குதிரைத்திறன், ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை. இந்த வகைக் காரில் சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றினால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 13 விநாடி ஆகும். இருபது நிமிட ஓட்டத்தில் எட்டு அல்லது ஒன்பது சுற்றுகள். டயரையும் பிரேக்கையும் சூடாக்கும் முதல் சுற்று, ஆறவிடும் கடைசிச் சுற்று இரண்டையும் கழித்தால், கையில் நிற்பவை ஆறு ஏழு. அவற்றைத்தான் உருப்படியான சுற்றுகள் என்றேன்.

அந்த ஆறு ஏழு சுற்றுகளும் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, பிரேக். இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். 1,050 கிலோ எடையுள்ள கார் 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்குக் குறைய, ஏறத்தாழ 700 கிலோஜூல் ஆற்றலைப் பிரேக் வெப்பமாக விழுங்க வேண்டும். இதைச் சுற்றுக்குப் பலமுறை, இடைவெளியில்லாமல் செய்ய வேண்டும். சாலையில் அப்படி ஒருமுறை மிதித்தாலே பின்னால் வருபவர் திட்டுவார். தடத்தில் அதுவே வாடிக்கை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் சூடாகிறது, அந்தச் சூடு அதைக் கவ்வும் பேடுக்குப் போகிறது, பேடிலிருந்து அதை அழுத்தும் காலிப்பருக்கு, காலிப்பரிலிருந்து பிரேக் ஆயிலுக்கு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். டாட் 4-க்கு இந்தக் குறைந்தபட்ச அளவுகள் 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உருவாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். அதனால் நீங்கள் மிதிப்பது குமிழை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்கு எட்டாது.

இது திடீரென்று வருவதில்லை. மூன்றாவது நான்காவது சுற்றில் கருகல் நெடி ஒன்று ஜன்னல் வழியே வரும். அடுத்த சுற்றில் மிதி வழக்கத்தைவிட ஓர் அங்குலம் கீழே போய்ப் பிடிக்கும். புதியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் முன்கூட்டியே மிதித்தால் போதும் என்று தொடர்வார்கள். கூடாது. அந்த ஓர் அங்குலம்தான் கடைசி எச்சரிக்கை. கையை வெளியே நீட்டிச் சைகை காட்டிவிட்டு, மெதுவாக ஒரு சுற்று ஓட்டி உள்ளே வந்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் இழுக்கக் கூடாது. கொதிக்கும் பிரேக் அப்படியே இறுகிக் கவ்விக்கொண்டு நிற்பது அதற்குக் கேடு. கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக்கொடுத்தால் போதும்.

ஆகவே இந்த வழியில் செலவிட வேண்டிய முதல் பணம், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நல்ல பிரேக் ஆயிலுக்கும் அதை முறையாக மாற்றித்தரும் மெக்கானிக்குக்கும். இரண்டாவது, பாதிக்கு மேல் தடிமன் மிச்சமிருக்கும் பிரேக் பேட். ஏர் ஃபில்டர், சைலன்சர், ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம். ஸ்டிக்கர் ஒட்டுவதற்குத்தான் இங்கே பலர் முதலில் போகிறார்கள்.

டயருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் கடிகாரச் சுற்றில் ஓட்டுகிறோம்; அதாவது வலப்பக்கம் திரும்புவதே அதிகம். திரும்பும்போது பாரம் இடப்பக்கம் சாயும். நம் சிறிய கார்கள் முன்சக்கரத்தால் இயங்குபவை என்பதால், இழுப்பதும் திருப்புவதும் பெரும்பாலும் நிறுத்துவதும் ஒரே டயரின் தலையில் விழுகின்றன: முன்பக்க இடது டயர். ஓட்டம் முடிந்து வந்ததும் அதன் வெளி ஓரத்தைப் பாருங்கள். பல டயர்களின் பக்கவாட்டில், ஓரத்துக்குச் சற்றுக் கீழே, சிறிய முக்கோணக் குறி ஒன்று இருக்கும். தேய்மானம் அந்த முக்கோணத்தைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் டயர் மடங்கி ஓடியிருக்கிறது, காற்று போதவில்லை. முக்கோணத்தைத் தொடாமலே நின்றிருந்தால் காற்று அதிகம். காலையில் 32 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்பினால், சூடேறியதும் அது 38-ஐத் தொட்டாலும் வியப்பில்லை. ஆகவே அளவுமானி ஒன்று கையோடு இருக்க வேண்டும்; ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் கொஞ்சம் இறக்கி, வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் செய்தால் செலவு கட்டுக்குள்தான் இருக்கும்: நுழைவுக் கட்டணம், ஒரு டாங்க் பெட்ரோல், டயரின் ஆயுளில் கொஞ்சம், பேடின் ஆயுளில் நிறைய. ஆனால் இரண்டாவது கேள்வி இங்கேதான் பல்லைக் காட்டுகிறது. நம் நாட்டு மோட்டார் காப்பீட்டுப் பத்திரத்தில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பயன்படுத்தினால் காப்பீடு செல்லாது என்று எழுதியே இருக்கும். டிராக் டே பந்தயம் இல்லையே என்று வாதிடலாம். இழப்பீடு கேட்கும் மேசையில் அந்த வாதம் எடுபடும் என்று நம்பி வளைவில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. வாசலில் நீங்கள் கையெழுத்துப் போடும் படிவமும், நடப்பதற்கெல்லாம் நானே பொறுப்பு என்றுதான் சொல்லும். ஆகவே மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும் ஒரே காரைக் கொண்டுவருகிறவர், முதலில் ஒரு பம்பர், ஒரு ஃபெண்டர், ஒரு விளக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டு வருவது நல்லது. அந்தத் தொகையைக் கேட்டு முகம் சுண்டினால், இந்த வழி இப்போதைக்கு வேண்டாம்.

பள்ளியின் காரில் ஒரு நாள்

அப்படி முகம் சுண்டியவர்களுக்கு இரண்டாவது வழி, இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் நடக்கும் பந்தயப் பயிற்சிப் பள்ளிகள். ஒரு நாளோ இரண்டு நாளோ, ஃபார்முலா எல்.ஜி.பி. போன்ற ஒற்றை இருக்கைக் காரில் உட்கார வைப்பார்கள். மாருதியிடமிருந்து வந்த 1300 சிசி எஞ்சின், குழாய்ச் சட்டகம், மூடாத சக்கரங்கள். பவர் ஸ்டியரிங் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. கழுத்து வலிக்கும். முழங்கை உரசும்.

என்னைக் கேட்டால் முதல் நாளுக்கு இதுதான் சரி. கட்டணம் டிராக் டேயைவிட அதிகம், உண்மை. ஆனால் தேய்வது அவர்களுடைய டயர், கொதிப்பது அவர்களுடைய பிரேக். மோதினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். படிவத்தில் அந்தத் தொகையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எல்லாவற்றையும்விட, இந்தக் கார் பொய் சொல்லாது. உங்கள் வீட்டுக் காரில் பிரேக்கைக் கண்மூடித்தனமாக மிதித்தால் ஏ.பி.எஸ். காப்பாற்றும், விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரில் வளைவின் நடுவே தவறு செய்தால், எந்தச் சக்கரத்தை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கணினி கணக்குப் போட்டு நேராக்கிவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒற்றை இருக்கைக் காரிலோ, அதிகம் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு புகை வரும், ஸ்டியரிங் இலேசாகிவிடும், கார் நேராகப் போகும். தவறும் அதன் விளைவும் ஒரே விநாடியில் கைக்கு வந்து சேர்கின்றன.

பயிற்றுநர் சொல்லித்தருவதில் முக்கால்வாசி பார்வையைப் பற்றியது. வளைவுக்குள் நுழையும்போது புதியவர்கள் கண்ணுக்கு நேரே இருக்கும் தார்ச்சாலையைப் பார்ப்பார்கள். அல்லது, பயந்துபோய், மோதிவிடுவோமோ என்று நினைக்கும் தடுப்பையே பார்ப்பார்கள். பார்க்கும் இடத்துக்குத்தான் கை திரும்பும். நுழையும்போது வளைவின் உள்முனையையும், உள்முனையை நெருங்கும்போது வெளியேறும் இடத்தையும் கண் முன்கூட்டியே போய்த் தொட வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் பிரதான நேர்ப்பாதை முடிந்ததும் வரும் சி1 என்ற அதிவேக வலது வளைவு, இந்தப் பாடத்துக்கென்றே அமைந்தது போலிருக்கும். அங்கே கண் தாமதித்தால் கால் தானாகவே பின்வாங்கிவிடும். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், பிறகு எந்தக் காரை எந்தத் தடத்தில் ஓட்டினாலும் உதவும். மீதிப் பணத்தை எதில் போட்டாலும் இந்தப் பலன் கிடைக்காது.

குறையென்றால் ஒன்று. சுற்றுகளின் எண்ணிக்கை அவர்கள் கையில். வகுப்பும் காத்திருப்பும் போக, ஓட்டுவது குறைவாகத்தான் இருக்கும். ஆறடிக்கு மேல் உயரமோ கொஞ்சம் பருமனோ இருந்தால், முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். அந்தக் கூண்டுக்குள் எல்லோரும் அடங்குவதில்லை. கார்ட்டிங் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். போகலாம், தாராளமாக, முழங்கைக்கு நல்ல பயிற்சி. ஆனால் கியரும் சஸ்பென்ஷனும் அதில் இல்லாததால் இதற்கு ஈடாகாது.

பட்டறையில் வாழும் பழைய கார்

மூன்றாவது வழிக்குக் கவர்ச்சி அதிகம். பழைய மாருதி எஸ்டீம், பழைய ஹோண்டா சிட்டி விடெக் மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, கார் கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு வைத்து, தடத்துக்கென்றே வளர்ப்பது. நம் பந்தயங்களில் பல ஆண்டுகள் ஓடித் தேறிய கார்கள் இவை. சிட்டி விடெக் 106 குதிரைத்திறன் கொண்டது. எஞ்சின் உச்சத்தில் பாடும்போது கேட்டவர்கள், இருபது ஆண்டு கழித்தும் அதையே தேடிக்கொண்டிருப்பது ஏன் என்று புரிந்துகொள்வார்கள். எஸ்டீமோ 900 கிலோவைத் தொடாத எடை. பிரேக்குக்கும் டயருக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்?

மோதினால் டிங்கரிங் செலவு கையைக் கடிக்காது, மனமும் உடையாது. இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல விடை இல்லை. பிரச்சினை மூன்றாவது கேள்வியில். இருக்கைகளைக் கழற்றி, கூண்டு வைத்து, சைலன்சரை மாற்றிய காரைச் சாலையில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. எனவே ஒவ்வொரு முறையும் தட்டுத் தள லாரிக்கு வாடகை. லாரி கிடைத்தால் மெக்கானிக் கிடைக்கமாட்டார். மெக்கானிக் கிடைத்தால் அவர் கேட்கும் உதிரிப்பாகம் கடைகளில் இருக்காது. வாங்கும் விலையைப் பார்த்து மலிவு என்று இறங்குகிறவர்களுக்கு, அதற்குப் பிறகுதான் கணக்கே தொடங்குகிறது என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். பாதி பிரித்த நிலையில், தார்ப்பாய் போர்த்தி, வருடக்கணக்கில் பட்டறை மூலையில் நிற்கும் எஸ்டீம்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, அவர்களில் ஒருவருக்காவது ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்து, ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது தடத்துக்குப் போவது உறுதி என்றால் மட்டும் இதைத் தொடுங்கள். தனியாளுக்கு இது டிராக் டே அல்ல, இன்னொரு வேலை. அந்த வேலையே பிடித்துப்போய், ஓட்டுவதை மறந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோடி ரூபாய்க் காரும் நொய்டாவும்

ஏற்கெனவே ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும் போர்ஷேயைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். அதற்குத் தடம் வேண்டும், அதுவும் புத் மாதிரி அகலமும் நீளமும் உள்ள தடம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 200-ஐத் தொட்டுவிட்டு வருகிறவர்கள், ஒரே ஒரு முறை நொய்டாவுக்குக் காரை அனுப்பிப் பார்க்கட்டும். மீனவர்களும் பால்காரர்களும் குறுக்கே வராத இடத்தில், அந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டது என்பது முதல் நேர்ப்பாதையிலேயே தெரியும்.

ஆனால் முன்பு போட்ட பிரேக் கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள். 1,800 கிலோ கார், 240 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு. ஏறத்தாழ 3,500 கிலோஜூல். சிறிய காரைப்போல் ஐந்து மடங்கு. எடை இரட்டிப்பாகக்கூட இல்லை, வேகம் செய்யும் வேலை அது; வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அந்தக் காருக்குப் பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர், காற்றோட்டம் எல்லாம் இருக்கின்றன, தாங்கும். மாற்றும்போது உரிமையாளர் தாங்குவாரா என்பதுதான் கேள்வி. ஒரு செட் டயரின் விலையில் முதல் வழிக்காரர் பல முறை தடத்துக்குப் போய் வந்துவிடுவார். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்பீர்கள். பார்க்காதவர்கள் தாராளமாகப் போகலாம்.

சொந்தமாக இல்லாதவர்களுக்கு, கார் நிறுவனங்களே நொய்டாவில் நடத்தும் ஓட்டுநர் அனுபவ நாட்கள் உண்டு. மெர்சிடீஸின் ஏ.எம்.ஜி. மாதிரி வேகக் கார்கள் வரிசையாக நிற்கும்; முன்னால் ஒரு பயிற்றுநர் கார் போகும், அவர் சுவட்டிலேயே பின்தொடர வேண்டும். சொகுசான நாள்தான். சாப்பாடு நன்றாக இருக்கும், புகைப்படம் நன்றாக வரும். ஆனால் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் வீதம், உங்கள் பங்குக்கு வருபவை சில சுற்றுகளே. வேகத்தைத் தீர்மானிப்பவரும் முன்னால் போகிறவர். அழைப்பு இலவசமாக வந்தால் போய்விட்டு வாருங்கள். காசு கொடுத்து என்றால், அதே காசில் பயிற்சிப் பள்ளி மறுபடி ஒருமுறை.

கடல் தாண்டினால்

வெளிநாட்டில் ஓட்டும் ஆசைக்கு இரண்டு ஊர்கள் பொருத்தமானவை. ஒன்று மலேசியாவின் செபாங். 1999-இல் திறக்கப்பட்ட, 5.543 கிலோமீட்டர் தடம். இதுவும் டில்கேயின் வடிவமைப்பே. 2017 வரை ஃபார்முலா 1 இங்கே நடந்தது. கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். நம்மைப்போலவே ஸ்டியரிங் வலப்பக்கம் என்பது பெரிய சௌகரியம். மதியத்துக்கு மேல் மழை கொட்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. 2009 ஃபார்முலா 1 பந்தயத்தையே பாதியில் நிறுத்தி, பாதிப் புள்ளிகள்தான் கொடுத்தார்கள். காலை ஓட்டங்களுக்கே பதிவு செய்யுங்கள்.

மற்றது ஜெர்மனியின் நூர்பர்க்ரிங், அதாவது 1927-இல் திறக்கப்பட்ட பழைய வடக்குச் சுற்று. 20.832 கிலோமீட்டர், காடும் மலையுமாக. இதன் சிறப்பு என்னவென்றால், குறிப்பிட்ட நாட்களில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கி ஓட்டலாம். ஒரு சுற்றுக்குச் சுமார் 30 யூரோ. ஜெர்மானியச் சாலை விதிகள் பொருந்தும். முந்துவது இடப்பக்கம் மட்டும், நேரம் அளந்து ஓட்டத் தடை. விமான நிலையத்தில் எடுக்கும் சாதாரண வாடகைக் காரை இங்கே கொண்டுவர ஒப்பந்தம் அனுமதிக்காது. இதற்கென்றே கார் வாடகைக்கு விடும் கடைகள் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. அவர்களிடம்தான் எடுக்க வேண்டும். விபத்து நடந்தால் காருக்கு நீங்கள் கட்ட வேண்டிய தொகை ஒருபுறம். நசுங்கிய இரும்புத் தடுப்புக்கும் இழுத்துச் செல்லும் வண்டிக்கும் தனியாக ரசீது வரும்.

டிக்கெட் 30 யூரோதான் என்பதைக் கேட்டு, முதல் தட அனுபவமாகவே இதைத் தேர்ந்தெடுக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இடப்பக்க ஸ்டியரிங், பழகாத கார், மேட்டின் மறுபுறம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியாத பாதை, பின்னால் முழுவேகத்தில் வரும் உள்ளூர்க்காரர்கள். இதில் கற்பதற்கு மனத்தில் இடம் இருக்காது. தப்பித்து வருவதிலேயே கவனம் போய்விடும். 1976-இல் ஃபார்முலா 1 வீரர் நிக்கி லாவ்டா இங்கே எரிந்த காரிலிருந்து பிழைத்ததும், அதற்குப் பிறகு ஃபார்முலா 1 இந்தப் பழைய சுற்றுக்குத் திரும்பவே இல்லை என்பதும் சும்மா நடந்தவை அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் பிரேக், பார்வை, கொடி மூன்றும் கைவந்த பிறகு போங்கள். அப்போதும் முதல் சுற்றை வேறொருவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போவது உத்தமம்.

ஆகவே கையில் பணம் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்பவருக்கு என் வரிசை இது: முதலில் பள்ளியின் ஒற்றை இருக்கைக் கார், அடுத்தது சொந்தக் காரில் இருங்காட்டுக்கோட்டை அல்லது கரி, அதன்பின் செபாங். பழைய காரை வளர்ப்பது நண்பர் கூட்டத்தைப் பொறுத்தது. நொய்டா, காரைப் பொறுத்தது. கோவையில் இருப்பவர்கள் கரியிலேயே தொடங்கலாம்; அதற்காகச் சென்னை வர வேண்டியதில்லை.

மாதம் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் இருங்காட்டுக்கோட்டையின் தார் காலை பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடும், ஏ.சி.யை அணைத்து, ஜன்னலைத் திறந்து, தலைக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு ஓட்டும்போது காரைவிட ஓட்டுநர் முதலில் கொதித்துவிடுவார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். கிளம்பும் முன் டிக்கியைக் காலி செய்துவிடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, குழந்தையின் விளையாட்டுச் சாமான் எல்லாம். ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதியையும் எடுத்துவிட வேண்டும். அது நழுவி பிரேக் மிதிக்கு அடியில் போனால் டாட் 4-உம் உதவாது. பிரேக் ஆயிலை ஒரு வாரம் முன்பே மாற்றிவிட்டு, இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். முந்தைய நாள் மாலை போனால், மெக்கானிக் நாளைக்கு வாருங்கள் என்பார்.